பத்து விநாடி கரண்ட், ஐம்பது விநாடி ஓய்வு

எண்பதுகளின் நடுவில் சில வருடங்கள் நான் வீட்டுக் கட்டிலில் தூங்கியதைவிட பஸ்ஸில் தூங்கியதுதான் அதிகம். மலேசியாவில், சுங்கை வே என்ற இடத்தில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எனக்கு ஆபரேட்டர் வேலை. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிலிக்கான் சில்லில் ஒட்ட வேண்டும். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மாலை ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட். இதற்கு நடுவில் மாநிலத்துக்காக நானூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன்.

வீடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ரயில்வேயில் இருந்தார். நான் ஓடுவதை அம்மா ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே நான் கண்ணயர்ந்துவிடும் நாட்களில் எதிரே வந்து நின்று ஒன்றே ஒன்று சொல்வார். "ஒன்னு வேலைக்குப் போ, இல்ல ஓடு. ரெண்டையும் இந்த ஒரு உடம்பு தாங்காது." எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. எதை விடுவது என்றுதான் தெரியவில்லை. வேலையை விட்டால் வீட்டில் பணத்துக்கு இடிக்கும். ஓட்டத்தை விட்டால் நான் யார் என்று எனக்கே சொல்லத் தெரியாது.

எங்கள் பயிற்சியாளர் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒருகாலத்தில் தடை ஓட்டம் ஓடியவர். அதிர்ந்து பேசமாட்டார். ஓடுகிறவர்களைத் திட்டுவதற்குப் பதிலாக ஸ்டாப்வாட்சைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். ஒருமுறை கிழக்கு ஐரோப்பாவுக்கு மூன்று மாதப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டி இருந்தது. சின்ன சூட்கேஸ் அளவு. முன்பக்கம் இரண்டு திருகுகள், ஒரு சிவப்பு விளக்கு, நான்கு ஒயர்கள். ஒவ்வொரு ஒயரின் முனையிலும் உள்ளங்கை அளவு ரப்பர்த் தகடு. தகட்டை ஈரப் பஞ்சு உறைக்குள் நுழைத்துத் தொடையில் வைத்துப் பட்டையால் கட்ட வேண்டும். பெட்டியை இயக்கிவிட்டால் தசை தானாகச் சுருங்கும்.

அங்கே பளு தூக்குகிறவர்களும் தாண்டுகிறவர்களும் வரிசையாகப் படுத்து இதைக் கட்டிக்கொண்டிருப்பதைத் தான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். நாம் எவ்வளவு முயன்று காலை இறுக்கினாலும் தசையில் இருக்கிற எல்லா நார்களும் வேலைக்கு வருவதில்லையாம். கொஞ்சம் சும்மாவே கிடக்குமாம். கரண்ட் அவற்றையும் இழுத்து வேலை வாங்குமாம். "ஓடுறதுக்குப் பதிலா இது இல்ல. ஓடுறதோட சேர்த்து இது" என்று இரண்டு முறை சொன்னார். என் காதில் விழுந்ததெல்லாம் 'படுத்துக்கொண்டே' என்ற ஒரு சொல்தான். இரவு ஷிப்ட் பார்க்கிறவளுக்குப் படுத்துக்கொண்டே செய்யும் பயிற்சி என்றால் வேறென்ன வேண்டும்.

பெட்டி அவர் பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறையில் இருந்தது. ஹாக்கி மட்டைகள், சுருட்டி வைத்த பாய்கள், திடலில் கோடு போடுகிற சுண்ணாம்பு மூட்டை, இவற்றுக்கு நடுவே ஒரு மர பெஞ்சு. என் மாலை ஷிப்ட் வாரம் தவிர, செவ்வாய், வியாழன் மாலைகளிலும் சனிக்கிழமை காலையிலும் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும் அங்கே போவோம். ஒருத்தி நான். இன்னொருத்தி கிள்ளானிலிருந்து வருகிறவள். அங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளும் நானூறு மீட்டர்தான். அந்த வருடம் பக்கத்து நாட்டில் நடக்கவிருந்த போட்டிக்கு நாலு பேர் ஓடும் தொடர் ஓட்டக் குழு எடுக்கப் போகிறார்கள். முதல் மூன்று இடங்களுக்கு யார் என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நாலாவது இடம் எனக்கா அவளுக்கா என்பதுதான் பாக்கி.

தகட்டைத் தொடையில் வைக்க வேண்டும் என்பதால் பயிற்சியாளர் அறைக்குள் வரமாட்டார். முதல் நாள் ஒரு பையனின் காலில் வைத்துக் காட்டி, எங்கே கட்டுவது, திருகை எவ்வளவு திருப்புவது என்று சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டு, வெளியே தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு மாணவர்களின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பார். உள்ளே நாங்கள் ஒருவருக்கொருவர் கட்டிவிட்டுக்கொள்வோம். நான் படுத்தால் அவள் பெட்டியருகே உட்காருவாள். அவள் படுத்தால் நான்.

முதல்முறை அவள் திருகைத் திருப்பியபோது தொடையில் எறும்புகள் ஓடுவது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். எறும்புகள் போய், யாரோ கையால் தசையைப் பிடித்துப் பிழிவது போலானது. முட்டிச் சில்லு தானாக மேலே ஏறியது. கால் நீண்டுவிடாதபடி முட்டியை மடக்கிக் கணுக்காலைப் பெஞ்சோடு கட்டியிருந்ததால், போக வழியில்லாமல் தொடை கல்லாக இறுகி நின்றது. பத்து விநாடி. பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், எல்லாம் தளர்ந்துவிடும். ஐம்பது விநாடி ஓய்வு. மறுபடி 'டக்'. இப்படிப் பத்து முறை. என் காலை நான் சொல்லாமலே வேறொன்று ஆட்டுவதைப் பார்த்து முதல்நாள் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. மறுநாள் படி இறங்க முடியவில்லை. அதன்பிறகு சிரிக்கவில்லை.

விதிகள் இரண்டே. திருகில் ஆறு என்ற எண்ணைத் தாண்டக்கூடாது. ஐந்தாவது முறை முடிந்ததும் பட்டையைத் தளர்த்திப் பஞ்சை மறுபடி தண்ணீரில் நனைக்க வேண்டும். பஞ்சு காய்ந்தால் கரண்ட் தசைக்குள் போகாமல் தோலைக் கடிக்கும் என்று அவர் எச்சரித்திருந்தார். ஆனால் வலியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியிருந்தார். கொஞ்சம் வலித்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம், உடனே நிறுத்தச் சொல்லாதீர்கள் என்று. எந்த வலி எதற்கு என்று பிரித்துப் பார்க்க எங்களுக்கு எப்படித் தெரியும்.

ஐந்து வாரத்தில் என் தொடைச் சுற்றளவு ஒன்றரை சென்டிமீட்டர் கூடியது. அவளுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். அவர் நோட்டில் எழுதிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு சின்னப் பையனைப் போலச் சிரித்தார். திடலில் என் நேரம் கொஞ்சம் குறைந்தது உண்மை. அது கரண்டால் குறைந்ததா, அந்த மாதம் இரவு ஷிப்ட் ஒரு வாரம் தள்ளிப்போய் நான் ஒழுங்காகத் தூங்கியதால் குறைந்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. படுத்தபடியே தசை வலுத்தது. அந்த வலுவை எந்த நொடியில் எப்படிச் செலவழிப்பது என்று திடலில் போய்த்தான் காலுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. அதற்குத்தான் என்னிடம் நேரமில்லை.

தேர்வு ஓட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது என் இரவு ஷிப்ட் வந்து சேர்ந்தது. வெள்ளி இரவு ஆறு மணி நேரம் நுண்ணோக்கியில் குனிந்திருந்தேன். மீதி நேரம் பழுதான இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வெளியே வந்து, கம்பெனி பஸ்ஸில் ஏறாமல் நேரே அந்தப் பள்ளிக்குப் போனேன். அவள் எனக்கு முன்பே கிள்ளானிலிருந்து வந்து காத்திருந்தாள். ஒரு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாங்கி வைத்திருந்தாள். பாதி சாப்பிட்டேன். பயிற்சியாளர் வெளியே நோட்டுக் கட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் நான் படுத்தேன். ஓய்வு விநாடிகளில் கண் சொருகிச் சொருகி விழித்தேன். பத்து முறை முடிந்தது. எழுந்து அவளைப் படுக்க வைத்துக் கட்டினேன். பஞ்சை வாளியில் முக்கிப் பிழிந்தேன். அவசரத்தில் அதிகமாகப் பிழிந்திருப்பேன் என்று பிறகு தோன்றியது. திருகை ஐந்தரையில் வைத்தேன். அவள் போதும் என்றாள். பாய்ச் சுருளில் சாய்ந்து உட்கார்ந்தேன். பெட்டி சீராக முனகிக்கொண்டிருந்தது. விசிறிக் காற்று முகத்தில் பட்டது. 'டக்' என்ற சத்தத்தை இரண்டு முறை கேட்டது நினைவிருக்கிறது. மூன்றாவது சத்தம் நினைவில் இல்லை.

விழித்தபோது சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. பத்தும் முடிந்திருந்தது. அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மேலுதட்டில் வியர்வை. நான் அவசரமாகப் பட்டையை அவிழ்த்தேன். வலது தொடையில் தகட்டின் கீழ் ஓரம் பட்ட இடத்தில், இருபது காசு அளவுக்குத் தோல் வெளுத்து, சுற்றிலும் சிவந்திருந்தது. பஞ்சின் அந்த மூலையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கரகரவென்று இருந்தது.

"சிவந்திருக்கு" என்றேன்.

"சரியாயிடும்லா" என்று சொல்லிவிட்டு அவள் காற்சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். வெளியே போய்ப் பயிற்சியாளரிடம் நன்றி சொல்லிவிட்டு இருவரும் பஸ் பிடிக்கப் போனோம்.

சரியாகவில்லை. திங்கட்கிழமை கொப்புளமாகி, புதன்கிழமை உடைந்தது. ஓடும்போது காற்சட்டையின் விளிம்பு சரியாக அதே இடத்தில் உரசும். வியர்வை வேறு. ஒட்டிய பிளாஸ்திரி நிற்காது. அவள் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அவள் பின்னால் ஓடியே பழகிய எனக்கு அவள் வலது காலை எட்டி வைக்கும் தூரம் குறைந்துவிட்டது தெரிந்தது. தெரிந்தும் சும்மா இருந்தேன். அவளுக்காக வருந்தினேன் என்று சொன்னால் அது பொய்யில்லை. நாலாவது இடம் எனக்குக் கிடைக்கலாம் என்று உள்ளே எங்கோ ஒரு கணக்கு ஓடியது என்று சொன்னால் அதுவும் பொய்யில்லை. இரண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஷிப்டுக்குப் போய்வந்தேன்.

தேர்வு ஓட்டம் கோலாலம்பூரில் ஓர் அரங்கில் நடந்தது. மத்தியான வெயில். கடைசி வளைவு வரை அவள் எனக்கு முன்னால்தான் இருந்தாள். நேர்ப்பாதைக்கு வந்ததும் அவள் தோள்கள் இறுகின. அவளைத் தாண்டினேன் என்று சொல்ல மாட்டேன். அவள் என் பக்கமாகப் பின்னுக்கு வந்தாள். கோட்டில் என் நெஞ்சு அவளுக்கு ஒரு கையகலம் முன்னால் இருந்தது. நான் நாலாவது. அவள் ஐந்தாவது.

புல்லில் உட்கார்ந்தபோது அவள் காற்சட்டை மேலேறியது. நழுவிய பிளாஸ்திரியையும் புண்ணையும் அப்போதுதான் பயிற்சியாளர் பார்த்தார். குனிந்து புண்ணை உற்றுப் பார்த்தார். பிறகு இது எப்படி வந்தது என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன், தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்தபடி.

"நாந்தான் சார். ஏழுல வைக்கச் சொன்னேன். அக்கா வேணாம்னாங்க, நாந்தான் கேட்கல" என்றாள்.

ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று மட்டும் அவளைக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதலுதவிப் பெட்டியை எடுத்துவரப் போனார். நான் தண்ணீரை விழுங்கினேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அரை நிமிடம் இருந்தது. சொல்லவில்லை.

அன்று மாலை அவளோடு கிள்ளான் பஸ் புறப்படும் நிலையம் வரை நடந்தேன். அவள் மெதுவாகத்தான் நடந்தாள். பாதி வழியில் என்னால் தாங்க முடியாமல், ஏன் அப்படிச் சொன்னாய், நான்தானே தூங்கிவிட்டேன் என்று கேட்டுவிட்டேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்க்கா. மூனாவது தடவையிலயே நீங்க தூங்கிட்டீங்க."

"எழுப்பியிருக்கலாம் இல்ல?"

"எழுப்பலாம்னுதான் பார்த்தேன். வாயத் தொறந்துக்கிட்டு, அப்படியே சுருண்டு படுத்திருந்தீங்க. ராத்திரி வேலை பார்த்துட்டு வந்திருக்கீங்க. மனசு வரல." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னாள். "கடிச்சுது. சார்தான் சொன்னாரே, வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு. அதுன்னு நெனச்சுட்டேன்."

மன்னித்துவிடு என்றேன். அது அந்தப் பரபரப்பான தெருவில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர இருக்கையில் வலது காலைப் பஸ்ஸின் நடுவழிப் பக்கம் நீட்டி வைத்து உட்கார்ந்தாள். கையசைத்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் போனேன். தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாகக் கோலை வாங்கி ஓடினேன். நாலு நாடுகள் ஓடிய ஓட்டத்தில் நாங்கள் மூன்றாவது. வெண்கலம். எனக்குக் கிடைத்த இடைவெளியை அப்படியே அடுத்தவளிடம் கொடுத்தேன். குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. மேடையில் நின்றபோது எனக்கு இருந்ததெல்லாம் கால் வலியும் தூக்கமும்தான். விமான நிலையத்துக்கு அப்பா வந்திருந்தார். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டு வந்தார், நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

பயிற்சி மறுபடி தொடங்கிய முதல் செவ்வாய்க்கிழமை, மற்றவர்கள் வருமுன் தாழ்வாரத்தில் பயிற்சியாளரிடம் போய் நின்றேன். நடந்ததை அப்படியே சொன்னேன். அதிகம் பிழிந்த பஞ்சு, தூக்கம், அவள் சொன்ன பொய், என் மௌனம். குழுவில் என் இடம் அவளுடையது என்றும் சொன்னேன். சொல்லிமுடித்தபோது அவர் திட்டுவார், அல்லது இனி வராதே என்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டில் எது நடந்தாலும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"நீ ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்றேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உன்னைப் பெட்டிகிட்ட உட்கார வச்சேன்" என்றார். "நானும் கதவுக்கு வெளியிலதானே உட்கார்ந்திருந்தேன்."

குழுவில் இடம் பற்றி என்னிடம் பேசவே இல்லை. அது முடிந்துபோன காரியம். அந்த வாரம் ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்துவந்து பெட்டிக்கு நீளமான ஒயர் போட்டு, அதன் முனையில் ஒரு கைப்பிடியும் பொத்தானும் வைத்தார். படுத்திருப்பவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் கரண்ட் வரும். விட்டுவிட்டால் நின்றுவிடும். பக்கத்தில் உட்காருகிறவர் பஞ்சைப் பார்த்தால் போதும். இரவு ஷிப்ட் வாரத்தில் நான் சனிக்கிழமை வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமைகளில் பகல் இரண்டு மணி வரை தூங்கினேன். எழுந்த பிறகும் களைப்பாகவே இருந்தது.

அவள் புண் ஆறி, இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். தொடையில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. மறுபடி பெஞ்சில் படுப்பாளா என்று நான் தயங்கினேன். அவள் கைப்பிடியை வாங்கி இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டாள். பஞ்சை நனைக்க நான் வேண்டாம், வேறு யாரையாவது கூப்பிடு என்றேன். "நீங்களே நனைங்கக்கா. இனிமே நீங்க தூங்க மாட்டீங்க" என்றாள். அது குத்தலா நம்பிக்கையா என்று அன்று எனக்குப் புரியவில்லை. ஐந்தாவது முறை முடிந்ததும் எழுந்து, பஞ்சு சொட்டச் சொட்ட நனைத்து வைத்தேன். பெஞ்செல்லாம் தண்ணீர்.

அடுத்த வருடத் தேர்வு ஓட்டத்துக்குள் தொழிற்சாலையில் என்னை லைன் லீடர் ஆக்கியிருந்தார்கள். முப்பது பேருக்குப் பதில் சொல்லும் வேலை. வாரத்தில் ஒருநாள், ஞாயிறு காலை, திடலுக்குப் போனால் பெரிது. அந்த ஓட்டத்தில் அவள் இரண்டாவதாக வந்தாள். நான் ஏழாவது. கடைசி நூறு மீட்டரில் கால்கள் வலுவாகத்தான் இருந்தன, மற்றதெல்லாம் தீர்ந்துவிட்டது. கோட்டைத் தாண்டி, வேலியோர நிழலில் போய் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் எழ வேண்டாம் என்பதுதான் முதலில் தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் என் மீதே எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

அவள் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டு துடிப்பதைப் பார்த்து, கேட்காமலே என் பாதத்தைப் பிடித்து மேலே மடக்கினாள்.

"அடுத்த வருஷம்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. போதும்."

அவள் வற்புறுத்தவில்லை. பிடிப்பு விடும்வரை பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் அடுத்த ஓட்டத்துக்குப் பெயர்களைக் கூப்பிட்டார்கள். வெயில் வேலியைத் தாண்டி எங்கள் மேல் ஏறத் தொடங்கியது. எழுந்து நிழலுக்குத் தள்ளி உட்கார வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் யாரும் எழவில்லை.